கத்தி விலகினால் கருணை வருமா?

மாந்தன் ஊன் உண்ணத் தொடங்கிய நாள் எதுவென்று வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆனால், ஊன் வேண்டுமாயின் ஓர் உயிர் மாய வேண்டும் என்னும் உண்மை மட்டும் அன்று தொட்டு மாறாமல் இருந்து வந்தது. முதலில் வேட்டையாடினான்; பின்னர் மந்தை வளர்த்தான்; அதன்பின் ஆலையைப் போலப் பண்ணை அமைத்தான். வழிகள் மாறின, அவ்வுண்மை மாறவில்லை. இன்று அதுவே மாறத் தொடங்கியிருக்கிறது. உயிரைப் போக்காமல் ஊனை மட்டும் விளைவித்துக்கொள்ளும் கலையை அறிவியலார் கண்டுள்ளனர்.

இதனை ஆய்வக இறைச்சி என்றும், வளர்ப்பு இறைச்சி என்றும் அழைக்கின்றனர். இதன் விலை, சுவை, உடல்நலம் ஆகியவற்றைத் துறை வல்லார் ஆராயட்டும். இலக்கியம் பயில்வோராகிய நாம் கேட்க வேண்டிய வினா வேறொன்று. உண்பதற்காக விலங்கைக் கொல்ல வேண்டிய தேவை ஒழியுமாயின், விலங்கை நாம் நோக்கும் நோக்கு எவ்வாறு மாறும்? கை கத்தியைக் கீழே வைத்துவிட்டால், நெஞ்சில் கருணை தானே வந்து குடியேறுமா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்லாமல் விளையும் ஊன்

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1931 ஆம் ஆண்டில் வின்ஸ்டன் சர்ச்சில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உலகம் எவ்வாறிருக்கும் என்பது பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். கோழியின் ஓர் உறுப்பை உண்பதற்காக முழுக் கோழியையும் வளர்க்கும் நிலை நீங்கும். வேண்டிய உறுப்பைத் தனியே வளர்த்துக்கொள்ளும் காலம் வரும் என்று அதில் அவர் கணித்தார். அவர் குறித்த ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அக்காலம் வரவில்லை. நெதர்லாந்து நாட்டவரான வில்லெம் வான் ஈலன் என்பார் இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியரின் சிறை முகாமில் பசியால் வாடியவர். அங்கே விலங்குகள் வதைக்கப்பட்டதையும் கண்ணுற்றவர். அவ்விரண்டு நினைவுகளும் அவரை வாழ்நாள் முழுதும் இம்முயற்சியில் ஈடுபடுத்தின. 1990களின் இறுதியில் அவர் இதற்கான காப்புரிமையையும் பெற்றார். மாந்தனின் பசியும் விலங்கின் துயரமும் சேர்ந்து பெற்றெடுத்த எண்ணம் இது என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

2013 ஆகஸ்டு 5 அன்று மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட், மாட்டின் உயிரணுக்களிலிருந்து வளர்த்த பர்கரை இலண்டனில் செய்தியாளர் முன்னிலையில் சமைத்து உண்ணச் செய்தார். ஏறத்தாழ 20,000 மெல்லிய தசையிழைகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட அவ்வொரு பர்கருக்கு ஆன செலவு 2,50,000 யூரோ. ஏழாண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், இத்தகைய கோழி இறைச்சியை விற்பதற்கு உலகிலேயே முதன்முதலாக இசைவளித்த நாடு சிங்கப்பூர். தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிற நாடுகளிலிருந்து வரவழைக்கும் அத்தீவு இதில் முந்தியதில் வியப்பில்லை. 2023 சூனில் அமெரிக்க அரசும் இரு நிறுவனங்களுக்கு இசைவளித்தது. நம் நாட்டிலும் 2019 இல் நடுவண் அரசின் நிதியுதவியுடன் ஐதராபாத்து நகரின் ஆய்வு நிலையங்களில் இவ்வாராய்ச்சி தொடங்கப் பெற்றது.

இதன் செய்முறையைச் சுருங்கச் சொல்லலாம். விலங்கின் உடலிலிருந்து கடுகளவு தசை எடுக்கப்படுகிறது. அதிலுள்ள பெருகும் தன்மை வாய்ந்த உயிரணுக்கள் பிரிக்கப்படுகின்றன. அமினோ அமிலம், சர்க்கரை, உப்பு, உயிர்ச்சத்து ஆகியன கலந்த ஊட்டநீரில், உடல் வெப்பநிலையில், எஃகுக் கலன்களில் அவை வளர்க்கப்படுகின்றன. அவை பல்கிப் பெருகித் தசையாகத் திரள்கின்றன. அங்கே தலை இல்லை, கண் இல்லை, நோவை உணரும் நரம்பு மண்டலமும் இல்லை. ஆகவே, வலியும் இல்லை.

இத்துணையும் கேட்டவுடன், கொல்லாமை உலகம் வாயிலில் வந்து நிற்கிறது என மகிழ்வாரும் உளர். சற்றுப் பொறுத்தல் நலம். தொடக்க ஆண்டுகளில் இவ்வுயிரணுக்களை வளர்க்க உதவிய ஊட்டநீரின் முதன்மைப் பொருள் யாது? கருவுற்ற பசுவை அறுக்கும்போது அதன் வயிற்றிலுள்ள கன்றுக் கருவின் குருதியிலிருந்து எடுக்கப்படும் நீர்மம். கொலையை ஒழிக்க வந்த கலை, தாயும் சேயுமாகிய இரு கொலைகளின் மேல் நின்றதை என்னென்பது! அந்நீர்மம் இன்றியே வளர்க்கும் முறைக்குச் சிங்கப்பூர் 2023 சனவரியில் இசைவளித்தது. ஆயினும் 2024 இல் அந்நாட்டுச் சில்லறைக் கடைக்கு வந்த முதல் பொருளில், வளர்ப்பு உயிரணுவின் பங்கு வெறும் 3 விழுக்காடே. எஞ்சியது தாவரப் பொருள். இத்தாலி நாடு 2023 இல் இவ்விறைச்சியைத் தடை செய்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா, அலபாமா ஆகிய மாநிலங்கள் 2024 இல் தடை விதித்தன. வழி நெடியது, முள்ளும் உண்டு. எனினும் வழி திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

வள்ளுவர் எழுப்பும் இரு வினாக்கள்

திருக்குறளின் 26 ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 33 ஆம் அதிகாரம் கொல்லாமை. இவற்றை ஆண்டுதோறும் பாடம் நடத்துகையில், புலால் உண்ணும் குடும்பத்திற் பிறந்த நம்மை நோக்கி மாணவர் கண்களில் குறும்பான ஒரு வினா எழுவதை நாம் கண்டதுண்டு. அவ்வினாவுக்கு நாம் அஞ்சியதில்லை. இறைவன் ஆகுமாக்கிய உணவை நாம் உண்கிறோம். வள்ளுவர் வகுத்த அறத்தை அதன் உயரத்திலேயே வைத்துப் போற்றுகிறோம். பாணர்க்கும் புலவர்க்கும் ஊனும் சோறும் படைத்து மகிழ்ந்த சங்கச் சான்றோரும், புலால் மறுத்த வள்ளுவரும் ஒரே தமிழின் இரு கரைகள். இரு கரைகளுக்கும் நடுவே ஓடுவதுதான் ஆறு.

ஆனால், வளர்ப்பு இறைச்சி பற்றிய செய்தி வந்தபின் புலால் மறுத்தல் அதிகாரத்தை மீண்டும் படித்தால் ஒன்று புலனாகிறது. அவ்வதிகாரம் முழுவதும் ஒரே வாதத்தால் ஆனதன்று. அங்கே இரு வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, கொலை பற்றியது. உண்பார் இருப்பதால்தான் கொன்று விற்பாரும் இருக்கின்றனர்; ஊன் என்பது வேறோர் உடலின் புண் என்பன இவ்வகையின. மற்றொன்று, உண்பவன் உள்ளம் பற்றியது. தன் உடலைப் பெருக்கப் பிறிதோர் உடலைத் தின்பவன் அருளை எவ்வாறு ஆள்வான்? படைக்கலம் ஏந்தியவன் நெஞ்சம் போல, ஊன் சுவை கண்ட நெஞ்சம் நன்மையை நோக்காதே என்பன இவ்வகையின.

முதல் வினாவுக்கு ஆய்வகம் விடை சொல்லிவிடலாம். கொல்லவில்லை; புண்ணும் இல்லை; விற்பவன் கையில் குருதியும் இல்லை. இரண்டாம் வினாவுக்கு எந்த எஃகுக் கலமும் விடை சொல்லாது. அருள் என்பது இல்லாமையால் வருவதன்று. திருடுவதற்குப் பொருள் கிட்டாதவனை நேர்மையாளன் என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல, கொல்லத் தேவையற்றவன் அனைவரும் அருளாளன் ஆகிவிட மாட்டான். நம் கட்டுரையின் கருத்து இதுவே.

பெயரில் ஒளியும் விலங்கு

எனினும், கொலை நீங்குவதால் உள்ளத்தில் ஒரு மாற்றமும் நேராது என்று கூறிவிடவும் இயலாது. 2010 ஆம் ஆண்டில் ஸ்டீவ் லோக்னன், நிக் ஹாஸ்லம், பிராக் பாஸ்டியன் என்னும் உளவியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் சிலருக்கு உலர்ந்த மாட்டிறைச்சியையும், வேறு சிலருக்கு முந்திரிப்பருப்பையும் உண்ணக் கொடுத்து, அதன்பின் விலங்குகள் பற்றிய அவர்தம் எண்ணத்தைக் கேட்டனர். இறைச்சி உண்டவர்கள், தம் அக்கறைக்கு உரியவை என்று குறித்த விலங்குகளின் எண்ணிக்கை குறைவாயிருந்தது. உண்ணும் விலங்குக்கு உணர்வும் மனமும் மிகுதியாக இல்லை என்று எண்ணிக்கொள்ளும் போக்கு மாந்தரிடம் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. இதன் பொருள் என்ன? நாம் விலங்கை மதியாததால் மட்டும் அதைக் கொல்லவில்லை. கொல்ல வேண்டியிருப்பதால் அதை மதிக்க மறுக்கவும் செய்கிறோம். தட்டில் உள்ளதற்கும் தொழுவத்தில் நிற்பதற்கும் நடுவே நம் மனம் ஒரு திரையைத் தொங்கவிட்டுக்கொள்கிறது.

மொழியும் அத்திரைக்கு நூல் நூற்றுத் தருவதுண்டு. ஆங்கிலத்தில் தொழுவத்தில் நிற்கும்போது 'கவ்'. தட்டில் விழும்போது 'பீஃப்'. பட்டியில் 'ஷீப்', குழம்பில் 'மட்டன்'. நார்மானியர் ஆட்சியில் உண்டவரின் பிரெஞ்சு மொழி தட்டுக்கும், மேய்த்தவரின் பழைய மொழி தொழுவத்துக்கும் உரியவாயின என்பர். தமிழ் இவ்வாறு மறைத்ததில்லை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழிக்கறி என்று உண்ணும் ஒவ்வொரு பொழுதும் உயிரின் பெயரைச் சொல்லியே தமிழன் உண்டான். இளமைப் பெயர்களை மட்டும் ஒன்பதாக வகுத்துக் கன்று, குட்டி, மறி, பறழ், குருளை என எந்த விலங்குக்கு எது உரியது என்று தொல்காப்பிய மரபியல் இலக்கணம் கூறுகிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, நம்மோடு ஒரே ஏணியில் நிறுத்தியதும் அம்மரபியலே. ஒரு விலங்கின் குழந்தைக்குத் தனிப்பெயர் இடுவதென்றால், அதனைக் குழந்தையாகப் பார்த்தவனால் மட்டுமே அது முடியும்.

கொன்றாக வேண்டிய தேவை நீங்கினால் அத்திரையும் தேவையற்றுப் போகலாம். தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டாத மனம், ஆட்டின் கண்ணை நேருக்கு நேர் நோக்கலாம். வளர்ப்பு இறைச்சியால் விளையக்கூடிய பெருநன்மை இதுவே என்பது நம் துணிபு. ஆயின், அது 'கூடும்' என்பதே அன்றி 'ஆகும்' என்பதன்று. ஏன்? வரலாற்றைக் கேட்போம்.

வரலாறு கூறும் இரு சான்றுகள்

ஒரு சான்று திமிங்கலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளக்கெரித்தது திமிங்கல எண்ணெய். 1850களில் மண்ணெண்ணெய் வந்தது. இனித் திமிங்கலம் பிழைத்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். நிகழ்ந்தது வேறு. நீராவிக் கப்பலும் வெடிக்கும் ஈட்டியும் வந்தன. விளக்குக்கு வேண்டாத எண்ணெய் சோப்புக்கும் செயற்கை வெண்ணெய்க்கும் வேண்டியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. வணிக வேட்டையை நிறுத்துவதென்று பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் 1982 இல் முடிவு செய்து, 1986 முதல் நடைமுறைப்படுத்திய பின்னரே அவ்வுயிர் மூச்சுவிட்டது. மாற்றுப்பொருள் வந்தது, மனம் மாறவில்லை. அழிவைக் கண்டு மனமும் சட்டமும் மாறிய பின்னரே வேட்டை ஓய்ந்தது.

மற்றொரு சான்று குதிரை. அமெரிக்காவில் 1915 அளவில் குதிரையும் கோவேறு கழுதையுமாக 2 கோடிக்கு மேல் இருந்தன. காரும் டிராக்டரும் வந்தபின், 1960 அளவில் அவை ஏறத்தாழ 30 இலட்சமாகக் குறைந்தன. சாட்டையடியும் சுமையும் நீங்கின என்பது உண்மை. அதனுடன் குதிரையும் நீங்கிவிட்டது என்பதும் உண்மை. நம் நாட்டிலும் கமலை இறைத்த காளையை மின்னிறைப்பான் விடுவித்தது. ஏருழுத காளையை டிராக்டர் விடுவித்தது. விடுவிக்கப்பட்ட காளை எங்கே போயிற்று என்று காங்கேயம் மாடு வளர்ப்போரைக் கேட்டால் தெரியும். பயன் போனபின் பெரும்பாலும் அடிமாடாகவே அது போயிற்று.

இவ்விரு சான்றுகளும் நமக்கு உணர்த்துவன இவை: மாற்றுப்பொருள் தானாகக் கருணையைக் கொணராது, பயனற்றுப்போன விலங்கை மாந்தன் போற்றுவதை விட மறப்பதே மிகுதி. மறதி கருணை ஆகாது.

மறதியின் இழப்பு சிறிதன்று. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது. இரண்டு ஆடுகளே ஓர் ஏழைத் தாயின் வைப்பு நிதியாக இருக்கும் சிற்றூர்கள் இன்றும் உள்ளன. மகளின் படிப்புக் கட்டணத்துக்கும், திடீரென வரும் மருத்துவச் செலவுக்கும் அந்த ஆடே கைகொடுக்கிறது. இறைத்தூதர் எவரும் ஆடு மேய்க்காமல் இருந்ததில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதாக ஹதீஸ் கூறுகிறது. வழிதவறும் ஆட்டைத் தேடவும், நொண்டும் குட்டியைத் தோளில் சுமக்கவும், ஓநாய்க்கு அஞ்சி இரவில் விழித்திருக்கவும் பயின்ற பின்னரே மாந்தரை மேய்க்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மந்தையே இல்லாத உலகில் அப்பள்ளிக்கூடம் எங்கே நடக்கும்?

இஸ்லாமிய மரபின் நோக்கு

திருக்குர்ஆனின் அத்தியாயங்களுக்குப் பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை என்னும் பெயர்கள் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்து, கால்நடைகள் என்று பொருள்படும் ஆறாம் அத்தியாயத்தின் 38 ஆம் வசனத்தில் காணப்படுகிறது. விலங்கை உண்பதற்கு இசைவளித்த வேதமே அதனைச் சமுதாயம் என்றும் அழைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே முஸ்லிமின் கடமை.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள். கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் முகந்து நாய்க்குப் புகட்டியவன் மன்னிக்கப்பட்டான் என்னும் நபிமொழிகளை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்முன்னே கத்தியைத் தீட்டியவரிடம், அதனை இருமுறை சாகடிக்க விரும்புகிறீரா என்னும் பொருள்பட நபிகளார் கடிந்துரைத்ததும் பதிவாகியுள்ளது. பத்தாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர், விலங்குகள் யாவும் கூடி மாந்தர் மீது ஜின்களின் மன்னனிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு பெருங்கதையே புனைந்துள்ளனர். விலங்குக்கு வழக்குரைக்கும் உரிமை உண்டு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கற்பனை செய்த மரபு நம்முடையது.

வளர்ப்பு இறைச்சி ஆகுமானதா, விலக்கப்பட்டதா என்று தீர்ப்புக் கூறுவது தமிழாசிரியரின் பணியன்று. அது உலமாப் பெருமக்களுக்கு உரியது. அவர்கள் இதில் உறங்கிவிடவும் இல்லை. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 2024 பிப்ரவரியில் ஃபத்வா வெளியிட்டது. உண்ண இசைவுள்ள விலங்கிலிருந்து உயிரணு பெறப்பட்டிருக்க வேண்டும், விலக்கப்பட்ட பொருள் எதுவும் கலந்திருக்கக்கூடாது என்னும் கட்டுப்பாடுகளுடன் அதனை உண்ணலாம் என்று அம்மன்றம் அறிவித்தது. உயிருள்ள விலங்கிலிருந்து வெட்டியெடுத்த பகுதி செத்ததற்கு ஒப்பாகும் என்னும் நபிமொழியை முன்வைத்து, முறைப்படி அறுக்கப்பட்ட விலங்கின் உயிரணுவே வேண்டும் என்னும் கருத்தும் உண்டு. அறிஞர் ஆராய்ந்து தெளிவர். 'இயற்கைக்கு மாறானது' என்னும் ஒரே சொல்லால் இதனைத் தள்ளுவது மட்டும் அறிவுடைமை ஆகாது.

நம் தெருவில் நடப்பது

இங்கே நம் சமுதாயப் பெரியோரிடம் ஒன்றைப் பணிவுடன் விண்ணப்பிக்க விரும்புகிறோம். அறுக்கும் நொடியைப் பற்றி நமக்குத் தெளிவான சட்டம் உண்டு. அந்நொடிக்கு முன் அவ்வுயிர் வாழ்ந்த வாழ்வைப் பற்றி நாம் கேட்பதுண்டா?

உலகில் ஆண்டுதோறும் உணவுக்காகக் கொல்லப்படும் கோழிகள் 7,000 கோடிக்கும் மேல். ஐந்தாறு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடிய பறவை, கறிக்கோழியாக வளர்க்கப்படுகையில் ஏறத்தாழ ஆறே வாரங்களில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடி அறுப்புக்கு வருகிறது. தன் எடையைத் தன் காலே தாங்காமல் தள்ளாடும் பறவைகள் உண்டு. பின்னர் அது வண்டியில் அடுக்கப்பட்டு வெயிலில் வருகிறது. கால்கள் கட்டப்பட்டு, இருசக்கர வண்டியின் இருபுறமும் தலைகீழாகத் தொங்கி வருகிறது. கடை வாயிலில் ஒன்றின் கண்முன்னே மற்றொன்று அறுபடுகிறது. அக்கடையின் பலகையில் பச்சை எழுத்தில் ஹலால் என்று எழுதியிருக்கிறது.

கழுத்தில் கத்தி பட்ட நொடி முறைப்படி அமைந்திருக்கலாம். ஆனால், ஆகுமானது என்பதோடு தூயது, நல்லது என்னும் பொருள்படும் 'தய்யிப்' என்னும் சொல்லையும் திருக்குர்ஆன் இணைத்தே கூறுகிறது. கத்தியைக் கண்ணில் காட்டாதே என்ற மார்க்கத்தைச் சார்ந்தோர், தலைகீழாகத் தொங்கும் கோழியைக் காணாதவர் போல் கடந்து செல்கிறோம். இக்குற்றம் நம்முடையது மட்டுமன்று. எல்லாச் சமயத்தாருடையதும், சமயம் வேண்டாதாருடையதுமே. எனினும், மறுமையில் கேள்வி உண்டு என்று நம்புகிறவர்க்குப் பொறுப்பு சற்றுக் கூடுதல் அன்றோ?

ஆய்வக இறைச்சி நம்மூர்க் கடைக்கு வர எத்தனை ஆண்டாகுமோ! கோழியைத் தலைகீழாகத் தொங்கவிடாமல் இருப்பதற்கு ஆய்வகம் எதற்கு? நிழலும் நீரும் தருவதற்கும், ஒன்றின் முன் ஒன்றை அறுக்காதிருப்பதற்கும் எந்தக் கண்டுபிடிப்பு வர வேண்டும்? கருணைக்கு அறிவியல் துணை நிற்கலாம்; அறிவியல் வரும்வரை கருணை காத்திருக்க வேண்டுவதில்லை.

குர்பானி நிலைக்குமா?

வளர்ப்பு இறைச்சி பெருகினால் தியாகத் திருநாளின் குர்பானி என்னாகும் என்று வினவுவோரும் உண்டு. அறுக்கப்பட்ட பிராணியின் ஊனும் குருதியும் இறைவனைச் சென்றடைவதில்லை, அடியானின் இறையச்சமே சென்றடைகிறது என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் 22 ஆம் அத்தியாயம் தெளிவுறக் கூறுகிறது. எனவே, குர்பானியின் உயிர்நிலை இறைச்சியில் இல்லை, விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. வறியவர்க்கும் உறவினர்க்கும் பங்கிடுவதில் இருக்கிறது. கலத்தில் விளைந்த தசைத்திரளை அறுக்கவும் இயலாது, இழக்கவும் இயலாது. ஆதலின் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கும் என்னும் அச்சம் வேண்டா.

குர்பானிக்கென வாங்கிய ஆட்டைச் சில நாள் வீட்டில் கட்டி வைக்கும்போது, பிள்ளைகள் அகத்திக்கீரை ஊட்டி அதனோடு பழகுவதும், பெருநாளன்று கண் கலங்குவதும் நம் இல்லங்களுக்குப் புதியனவல்ல. அக்கண்ணீரைப் பெரியோர் எள்ளி நகையாடல் ஆகாது. ஓர் உயிரின் விலையை அப்பிள்ளை அறிந்துகொண்டது என்பதற்கு அதுவே சான்று. உறையிட்ட இறைச்சியை அங்காடியில் வாங்கும் பிள்ளைக்கு அவ்வறிவு வாய்ப்பதில்லை. கலத்தில் விளைந்ததை வாங்கப்போகும் பிள்ளைக்கு அது இன்னும் அரிதாகும். அன்று ஆட்டுக்கறி என்னும் சொல் இருக்கும். அதன் பின்னே ஆடு இராது.

செய்யத்தக்கன

ஆகவே, இப்புதுமையை எதிர்கொள்ள நாம் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, விலங்கியல் துறையும் அரபுத் துறையும் தமிழ்த் துறையும் நம் கல்லூரிகளில் ஒரே அரங்கில் அமர்ந்து இது பற்றி ஆராய்தல் வேண்டும். செய்முறையை அறியாத தீர்ப்பும் அறத்தை அறியாத செய்முறையும் ஒருசேரக் குறையுடையன. இரண்டாவது, ஜமாஅத்துகள் தத்தம் ஊரில் கோழியும் ஆடும் கொணரப்படும் முறையையும் அறுக்கப்படும் முறையையும் கண்காணித்து, நபிவழி காட்டிய ஒழுங்குகளைக் கடைதோறும் நிலைநாட்டல் வேண்டும். மூன்றாவது, பிள்ளைகள் உயிரினங்களோடு பழகும் வாய்ப்பை நாம் அறுத்துவிடாதிருத்தல் வேண்டும். நகர வீட்டின் மாடியில் குருவிக்கு வைக்கும் ஒரு கிண்ணம் நீர்கூட அப்பழக்கத்தின் தொடக்கமாகலாம்.

உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்றொரு பகுதி உண்டு. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாக நபிகளாரிடம் இறைஞ்சுகிறது. நபிகளார் அம்மானுக்காக வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் கன்றுடன் திரும்பி வருகிறது. வேடன் உள்ளம் மாறுகிறான். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று. வேடனுக்கு வேறு உணவு கொடுத்து மானை மீட்டதாகப் புலவர் பாடவில்லை. அவ்வாறு பாடியிருப்பின் மான் பிழைத்திருக்கும். வேடன் வேடனாகவே இருந்திருப்பான். மானைத் தாயாகக் காணும் கண் அவனுக்குத் திறந்தது. அதன்பின் வலை தானே நழுவிற்று.

அறிவியல் நமக்கு வேறு உணவு தர முன்வந்திருக்கிறது. அதனை ஆராய்ந்து, ஆகுமாயின் நன்றியுடன் ஏற்போம். ஆனால், அவ்வுணவு ஆட்டுக்கும் கோழிக்கும் பிணை நிற்காது. பிணை நிற்க வேண்டியவர் நாமே. அப்பொறுப்பை உணரும் நெஞ்சத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நல்குவானாக!